சூளை காணாத பானை: பக்தர் நாமதேவரின் வாழ்வு

தனக்கு நோய் இருப்பதை ஒப்புக்கொள்பவனே மருத்துவரை நாடிச் செல்கிறான். ஆன்மிக வாழ்விலும் இதே நியதிதான். தன்னிடம் அறியாமை இருப்பதை உணர்ந்தவனே குருவை நாடுகிறான். உலகியலில் மூழ்கிக் கிடப்பவனுக்கு இந்த உணர்வு வருவது ஓரளவு எளிது. அவனுடைய துன்பங்களே அவனைத் தட்டி எழுப்பிவிடும். பெரிய பக்தன் என்று ஊரார் போற்றும் ஒருவனுக்கு இது மிகவும் கடினம். வழிபாடு, விரதம், கண்ணீர், பாடல் எல்லாம் அவனிடம் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் அவன் இன்னும் பக்குவப்படவில்லை என்று ஒருவர் சபை நடுவே கூறினால், அதை ஏற்றுக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? அழுதுகொண்டே அதை ஏற்றுக்கொண்டு, அதனாலேயே ஞானம் பெற்றவர் பண்டரிபுரத்து நாமதேவர்.

தையற்காரர் வீட்டுப் பிள்ளை

மரபுக் கணக்கின்படி நாமதேவர் 1270-ஆம் ஆண்டில், கார்த்திகை மாத வளர்பிறை ஏகாதசியன்று அவதரித்தார். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் உள்ள நரசி என்னும் சிற்றூர் அவரது பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது. அவ்வூர் இன்று அவருடைய பெயரையும் சேர்த்து நரசி நாமதேவ் என்றே வழங்குகிறது. தந்தையார் தாமாசேட்டி, தாயார் கோணாயி. துணி தைப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட சிம்பி வகுப்பைச் சேர்ந்த எளிய குடும்பம். தேவகிரியைத் தலைநகராகக் கொண்டு யாதவ மன்னர்கள் ஆண்டு வந்த காலம் அது.

அக்குடும்பத்தாரின் உயிர்மூச்சாக விளங்கியது பீமா நதிக்கரையில் உள்ள பண்டரிபுரம். அங்கே அந்நதி பிறைச்சந்திரனைப்போல் வளைந்து ஓடுவதால் சந்திரபாகா என்று பெயர் பெற்றது. பெற்றோருக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த புண்டலீகன், சற்றுக் காத்திருக்குமாறு வேண்டி எறிந்த செங்கல்லின்மீது, இடுப்பில் கைகளை ஊன்றியபடி இறைவன் இன்றும் நின்றுகொண்டிருக்கிறான் என்பது அத்தலத்தின் வரலாறு. விட்டலன், விடோபா, பாண்டுரங்கன் என்று பல பெயர்களால் அவனை அழைத்து, ஆஷாட ஏகாதசிக்கும் கார்த்திகை ஏகாதசிக்கும் கால்நடையாகவே வந்து தரிசிக்கும் அடியார்கள் வார்கரிகள் எனப்படுகின்றனர்.

தாமாசேட்டி நாள்தோறும் விட்டலனுக்கு நைவேத்தியம் எடுத்துச் செல்வது வழக்கம். ஒருநாள் அவர் வெளியூர் செல்ல நேர்ந்தது. அந்தப் பொறுப்பு சிறுவன் நாமதேவனிடம் வந்தது. தந்தை கொண்டுசெல்லும் உணவை இறைவன் தினமும் உண்டுவிடுவதாகவே அவன் நம்பியிருந்தான். தட்டைச் சந்நிதியில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். நேரம் சென்றது, உணவு அப்படியே இருந்தது. தன்னிடம் ஏதோ குற்றம் கண்டுதான் இறைவன் உண்ணவில்லை என்று கலங்கினான், அழுதான், கெஞ்சினான், இறுதியில் அங்கேயே தலையை மோதிக்கொண்டு உயிரை விடவும் துணிந்தான். அந்தக் கள்ளமற்ற அன்புக்கு இரங்கி இறைவன் உணவை ஏற்றருளினான் என்று பக்த சரித்திரங்கள் கூறுகின்றன.

அன்று தொடங்கிய உறவு நாளுக்கு நாள் வளர்ந்தது. விட்டலன் நாமதேவருக்குத் தந்தையானான், தாயானான், விளையாட்டுத் தோழனானான். வளர்ந்து ராஜாயியை மணந்து, நாரா, விட்டா, கோந்தா, மஹாதா என்னும் நான்கு மைந்தர்களுக்குத் தந்தையான பின்னரும் அவருடைய மனம் தையல் ஊசியில் நிலைக்கவில்லை; கோயிலிலேயே கிடந்தது. வீட்டில் வறுமை குடிகொண்டது. குடும்பத்தைக் கவனியாத மகனைப் பற்றித் தாயும் கணவனைப் பற்றி மனைவியும் அந்த விட்டலனிடமே சென்று முறையிட்டனர். ஆதரவற்ற சிறுமியாக அவ்வீட்டிற்கு வந்து ஊழியம் செய்த ஜனாபாயும் பக்தியில் தலைசிறந்து விளங்கினாள். அவள் மாவரைக்கும்போது விட்டலனே வந்து திரிகை சுற்றினான் என்று அடியார்கள் இன்றும் உருக்கத்துடன் கூறுவர். அந்த வீட்டில் இருந்த அனைவருமே அபங்கம் பாடினர் என்பது மரபு.

நாமதேவரின் கீர்த்தனத்தைக் கேட்கப் பண்டரிபுரத்தில் மக்கள் திரண்டனர். சந்திரபாகையின் மணற்பரப்பில் அவர் பாடி ஆடும்போது கல்லும் கரையும் என்றனர். இறைவனே அவருடன் பேசுகிறான், அவருடன் உண்கிறான் என்ற செய்தி எங்கும் பரவியது. இவ்வளவு புகழுக்கு நடுவே, நாமதேவரும் அறியாதபடி, அவருள்ளத்தின் ஒரு மூலையில் ஓர் எண்ணம் முளைவிட்டிருந்தது. தமக்கும் விட்டலனுக்கும் இடையே உள்ள நெருக்கம் வேறு எவருக்கும் இல்லை என்பதே அந்த எண்ணம்.

ஞானேஸ்வரரின் நட்பு

அக்காலத்தில் ஆளந்தியில் நால்வர் வாழ்ந்தனர். நிவிருத்திநாதர், ஞானேஸ்வரர், சோபானதேவர் ஆகிய மூன்று சகோதரர்கள். அவர்களுடைய தங்கை முக்தாபாய். துறவறம் மேற்கொண்டு, பிறகு குருவின் ஆணைப்படி இல்லறத்திற்குத் திரும்பியவரின் பிள்ளைகள் என்பதால் சமூகத்தால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். அவர்களுள் ஞானேஸ்வரர் 1275-இல் பிறந்து, பதினைந்தே வயதில், 1290-இல், பகவத்கீதைக்கு மராத்தி மொழியில் ஞானேஸ்வரி என்னும் பேருரையை அருளியவர்.

ஞானேஸ்வரர் பண்டரிபுரம் வந்து, தம்முடன் தீர்த்த யாத்திரைக்கு வருமாறு நாமதேவரை அழைத்தார். விட்டலனைப் பிரிந்து ஓர் அடியும் எடுத்து வைக்க நாமதேவரால் இயலவில்லை. இறைவன் எங்கும் இருக்கும்போது பிரிவு எங்கிருந்து வந்தது என்று ஞானேஸ்வரர் மென்மையாக வினவினார். நாமதேவருக்கு அது விளங்கவில்லை. இடுப்பில் கைவைத்து நிற்கும் அந்தத் திருவுருவைக் காணாத இடமெல்லாம் அவருக்குப் பாழ்வெளியாகவே தோன்றியது. முடிவில் விட்டலனே அவருடைய கையைப் பிடித்து ஞானேஸ்வரரிடம் ஒப்படைத்து வழியனுப்பி வைத்தான் என்பர்.

வழியில் ஒரு பாலை நிலத்தில் இருவருக்கும் தாகம் எடுத்தது. அங்கிருந்த கிணறு மிக ஆழமானது, கயிறும் இல்லை. ஞானேஸ்வரர் தம் யோக சக்தியால் உள்ளே இறங்கி நீர் பருகி வந்தார். நாமதேவரோ அழுது விட்டலனை அழைத்தார். கிணற்று நீர் பொங்கி மேலே வந்து வழிந்தது. ஞானேஸ்வரர் தம் தோழரின் பக்தியை மனமாரப் போற்றினார். ஞானியிடமிருந்து கிடைத்த இந்தப் புகழுரையைத் தாங்குவதற்கும் ஒரு பக்குவம் வேண்டும் அல்லவா!

கோராவின் சோதனை

தேர் என்னும் ஊரில் கோரா என்ற குயவர் இருந்தார். அடியார்கள் அனைவரிலும் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோரும் அவரைக் கோரா காகா என்று அன்புடன் அழைத்தனர். அவருடைய வாழ்வும் ஒரு பெருந்தவறின் நெருப்பில் வெந்ததுதான். ஒருமுறை பாண்டுரங்கனின் நாமத்தைப் பாடியபடியே மெய்ம்மறந்து களிமண்ணை மிதித்துக்கொண்டிருந்தபோது, தவழ்ந்து வந்த தம் குழந்தையையும் அவர் மண்ணோடு மிதித்துவிட்டார். அந்தத் துயரமும் அதைத் தொடர்ந்த சோதனைகளும் அவரைப் புடம்போட்டன. தம் கைகளையே வெட்டிக்கொள்ள நேர்ந்த அவர், பின்னர் பண்டரிபுரத்தில் நாமதேவரின் கீர்த்தனத்தில் அமர்ந்திருந்தபோது இறையருளால் கைகளையும் குழந்தையையும் திரும்பப் பெற்றார் என்று மரபு கூறுகிறது.

ஒரு சமயம் அடியார்கள் பலர் கோராவின் இல்லத்தில் கூடியிருந்தனர். நிவிருத்திநாதர், ஞானேஸ்வரர், சோபானதேவர், முக்தாபாய், நாமதேவர் என அனைவரும் இருந்தனர். சத்சங்கத்தின் நடுவே, மூலையில் கிடந்த ஒரு மரப்பலகை முக்தாபாயின் கண்ணில் பட்டது. அது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்டாள். பானை நன்றாக வெந்திருக்கிறதா, பச்சையாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்கு உரியது என்றார் கோரா. மனிதர்களும் இறைவன் வனைந்த பானைகள்தாமே, இங்கே கூடியிருக்கும் பானைகளில் எது வெந்தது, எது வேகாதது என்று சொல்ல முடியுமா என்று முக்தாபாய் வினவினாள்.

கோரா பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வரிசையாக ஒவ்வொருவர் தலையிலும் தட்டிக்கொண்டே வந்தார். நிவிருத்திநாதர் அசையவில்லை. ஞானேஸ்வரர் புன்னகையுடன் தலை குனிந்தார். மற்றவர்களும் அமைதியாக அடியை ஏற்றனர். நாமதேவரின் முறை வந்தது. இது என்ன சபை, வந்த விருந்தினருக்குச் செய்யும் மரியாதை இதுதானா என்று அவர் உள்ளம் கொதித்தது. பலகை தலையில் பட்டதும் முகம் சுளித்து எதிர்ப்பைத் தெரிவித்தார். கோரா பலகையைக் கீழே வைத்தார். எல்லாப் பானைகளும் வெந்தவை, இந்த ஒரு பானை மட்டும் இன்னும் பச்சை என்று தீர்ப்புக் கூறினார்.

சபையில் சிரிப்பு எழுந்தது. தீர்ப்பு அளித்தவர் நாமதேவரின் கீர்த்தனத்தில் தம் கைகளைத் திரும்பப் பெற்றவர். தட்டியவையும் அதே கைகள்தாம். நாமதேவருக்கு அப்போது இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. கேள்வியைத் தொடங்கி வைத்த முக்தாபாயோ பதினேழு வயதுக்கு மேற்படாத இளம்பெண். விட்டலனோடு விளையாடிய பக்தர், ஒரு சிறுபெண்ணின் கேள்வியால், ஒரு குயவரின் பலகையால், அனைவர் முன்னிலையிலும் தலைகுனிந்து நின்றார். வாய்பேசாமல் அங்கிருந்து வெளியேறினார்.

தாய் சொன்ன கசப்பான உண்மை

அடிபட்ட குழந்தை தாயிடம் ஓடுவதுபோல் நாமதேவர் பண்டரிபுரம் சென்று விட்டலனின் திருவடிகளில் விழுந்தார். தமக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லி விம்மினார். இறைவன் தம் பக்கம் பேசுவான், கோராவைக் கடிந்துகொள்வான் என்பது அவருடைய எதிர்பார்ப்பு.

விட்டலனோ கோரா கூறியது உண்மையே என்றான். அன்பு நிறைந்திருந்தும் நாமதேவரிடம் ஞானம் நிறையவில்லை. குருவின் அருள் இன்னும் வாய்க்கவில்லை. இந்தக் கோயிலில் தன்னைக் காண்பவர் கோயிலுக்கு வெளியே தன்னைக் காணவில்லை என்று உணர்த்தினான். விசோபா கேசரர் என்பவரிடம் சென்று உபதேசம் பெறுமாறு பணித்தான்.

நாமதேவரின் வாழ்வில் மிக நுட்பமான கணம் இதுதான். இறைவனையே நேரில் காண்கிறவருக்குக் குரு எதற்கு என்று அவர் வாதிட்டிருக்கலாம். வாதிட்டார் என்றும் சில வரலாறுகள் கூறுகின்றன. அடியார் கூட்டத்தையே விட்டு விலகி, தமக்கென ஒரு சீடர் குழாத்தைச் சேர்த்துக்கொண்டு, கோராவையும் ஞானேஸ்வரரையும் பழித்துக்கொண்டே காலம் கழித்திருக்கலாம். அவருடைய புகழுக்கு அது எளிதாகவே கைகூடியிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தலையில் பலகை பட்டபோது எழுந்த சினமே தாம் வேகாதவர் என்பதற்குச் சான்று என்று கண்டுகொண்டார். வெந்த பானை தட்டினால் கணீரென ஒலிக்கும். பச்சைப் பானையோ சிறு அடிக்கே வடிவம் குலையும். தம் உள்ளம் குலைந்ததை அவரே பார்த்தார். பார்த்ததை ஒப்புக்கொண்டார். புறப்பட்டார்.

முன்பு இகழ்ந்தவர், இப்போது குரு

அவர் தேடிச் சென்ற விசோபாவின் கதையும் வியப்புக்குரியது. ஆளந்தியில் அந்த நான்கு குழந்தைகளையும் கடுமையாக வெறுத்தவர்களுள் அவரும் ஒருவர். ஒருநாள் நிவிருத்திநாதர் மாண்டே என்னும் போளி போன்ற பண்டத்தை உண்ண விரும்பினார். அதைச் சுடுவதற்கு மண்சட்டி வாங்க முக்தாபாய் குயவர் வீடுகளுக்குச் சென்றாள். விசோபா குறுக்கிட்டு, அவளுக்குச் சட்டி கொடுக்கக்கூடாது என்று குயவர்களைத் தடுத்துவிட்டார். அழுதுகொண்டே திரும்பிய தங்கையை ஞானேஸ்வரர் தேற்றி, யோகாக்கினியால் தம் முதுகைச் சூடாக்கி, அதன்மீதே மாண்டேயைச் சுட்டுக்கொள்ளச் செய்தார். மறைந்திருந்து பார்த்த விசோபா நடுங்கிப்போனார். ஓடிவந்து அவர்களுடைய காலில் விழுந்து, அவர்கள் உண்ட மிச்சிலை எடுத்து உண்ணத் தொடங்கினார். விலகிப்போ என்னும் பொருளில் ஞானேஸ்வரர் அவரைக் கேசரர் என்று விளித்ததாகக் கூறுவர். மராத்தியில் அச்சொல்லுக்குக் கோவேறு கழுதை என்று பொருள். விசோபா அந்தச் சொல்லையே தம் பெயராகப் பூண்டுகொண்டார்! வடமொழியிலோ அதே சொல், ஆகாயத்தில் சஞ்சரிப்பவரை, அதாவது உயர்ந்த யோக நிலை எய்தியவரைக் குறிக்கிறது. தம் மடமையைக் காட்டிய பெயரை மறைக்காமல் சுமந்தவருக்கு, அதே பெயர் ஞானத்தின் பட்டமாக மாறிவிட்டது.

விசோபா ஔந்தா நாகநாத் ஆலயத்தில் இருப்பதாக அறிந்து நாமதேவர் அங்கே சென்றார். ஜோதிர்லிங்கத் தலங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் அந்தக் கோயிலுக்குள் நுழைந்தவர் திகைத்து நின்றார். ஒரு கிழவர் சிவலிங்கத்தின்மீது கால்களை நீட்டிப் படுத்திருந்தார். இவரா தமக்கு ஞானம் தரப்போகும் குரு? தெய்வநிந்தை செய்பவரிடமா இறைவன் தம்மை அனுப்பினான்? நாமதேவர் அவரைக் கடிந்துகொண்டார். கால்களை உடனே அகற்றச் சொன்னார்.

தமக்கு முதுமையினால் வலிமை இல்லை, இறைவன் இல்லாத இடமாகப் பார்த்துக் கால்களை நீங்களே வைத்துவிடுங்கள் என்று கிழவர் பணிவாக வேண்டினார். நாமதேவர் அவருடைய கால்களைத் தூக்கி வேறொரு பக்கம் வைத்தார். அங்கே ஒரு லிங்கம் எழுந்தது. மறுபக்கம் வைத்தார், அங்கும் ஒன்று எழுந்தது. எங்கெங்கு கால் பட்டதோ அங்கெல்லாம் லிங்கம் தோன்றியது. கோயில் முழுவதும் லிங்கமயமாயிற்று என்பர். கிழவரின் கால்களைத் தாங்கியபடியே நாமதேவர் நின்றார். வைப்பதற்கு இடமில்லை. இறைவன் இல்லாத இடம் என்று ஒன்று கிடைக்கவே இல்லை.

யாத்திரைக்கு முன் ஞானேஸ்வரர் கேட்ட கேள்வியின் பொருள் அப்போது விளங்கியது. கோரா தட்டிய பலகையும் இறைவனே. தட்டிய கையும் அவனே. சிரித்த சபையும் அவனே. அவனைச் செங்கல்லின்மீது மட்டுமே நிற்பவன் என்று எண்ணியிருந்த காரணத்தால் அல்லவா அந்த அடி அவமானமாகத் தோன்றியது! நாமதேவர் அந்தக் கால்களைத் தம் தலைமீது வைத்துக்கொண்டார். விசோபா அவருடைய தலையில் கைவைத்து உபதேசம் அருளினார்.

வெந்த பானை

ஞானம் பெற்ற நாமதேவர் விட்டலனைக் கைவிட்டுவிடவில்லை. பண்டரிபுரத்திற்கே திரும்பினார், அதே திருவுருவின் முன் அதே அன்போடு பாடினார். முன்பு கோயிலுக்குள் மட்டும் தெரிந்தவன் இப்போது தெருவிலும் தெரிந்தான். ஒருநாள் அவர் சுட்டு வைத்திருந்த ரொட்டியை ஒரு நாய் கவ்விக்கொண்டு ஓடியது. நாமதேவர் நெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினார். காய்ந்த ரொட்டி தொண்டையை உறுத்தும், நெய் தடவித் தருகிறேன், சற்று நில் என்று அந்த நாயிடம் இறைஞ்சினார். அன்று தட்டில் வைத்த உணவை இறைவன் உண்ணவில்லையே என்று அழுத சிறுவன், இன்று உணவைப் பறித்துக்கொண்டு ஓடியவனையும் இறைவன் என்று அறிந்துகொண்டார்.

அவமானங்கள் அதன் பிறகும் வந்தன. பிறப்பைக் காரணம் காட்டி ஒரு கோயிலிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார். அவர் கோயிலின் பின்புறம் சென்று அமர்ந்து பாட, ஆலயமே அவர் பக்கம் திரும்பியது என்னும் நிகழ்ச்சியை அவருடைய பாடலே குறிப்பிடுகிறது. ஔந்தா நாகநாத் ஆலயமே அது என்று மகாராஷ்டிரத்து அடியார்கள் கூறுவர். கோராவின் வீட்டில் சிறு அடிக்கே குலைந்த உள்ளம், இந்தப் பெரிய அடியின்போது இறைவனிடம் முறையிட்டுப் பாடலாகவே ஒலித்தது.

1296-இல் ஞானேஸ்வரர் ஆளந்தியில் ஜீவசமாதி அடைந்தபோது நாமதேவர் உடன் இருந்தார். அந்த மகானின் பிறப்பையும் யாத்திரையையும் சமாதியையும் ஆதி, தீர்த்தாவளி, சமாதி ஆகிய அபங்கத் தொகுதிகளில் பாடி வைத்தவர் அவரே. தம்மைவிட ஐந்து வயது இளையவரான ஒருவரின் பெருமையைப் பாடுவதில் அவருக்குச் சிறிதும் தயக்கம் இருக்கவில்லை. விசோபாவைத் தம் குருவாகவும் தம் பாடல்களில் நன்றியுடன் போற்றியிருக்கிறார்.

தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சோகாமேளர் நாமதேவரைக் குருவாகக் கொண்டார். 1338-இல் மங்கள்வேடா என்னும் ஊரில் மதில் கட்டும் வேலை நடந்தபோது அது இடிந்து விழுந்து, சோகாமேளரும் உடன் உழைத்தோரும் மாண்டனர். நாமதேவர் அங்கே சென்று, இடிபாடுகளில் கிடந்த எலும்புகளைக் காதருகே வைத்துக் கேட்டார். எவற்றிலிருந்து விட்டல நாமம் ஒலித்ததோ அவையே சோகாமேளருடையவை என்று தேர்ந்தெடுத்துப் பண்டரிபுரத்திற்குக் கொண்டுவந்தார். கோயிலுக்குள் நுழைய அனுமதிக்கப்படாத அந்த அடியாரின் சமாதி கோயிலின் மகாத்துவாரத்திற்கு எதிரில் இன்றும் உள்ளது.

பஞ்சாபில் ஒலித்த குரல்

ஒரு காலத்தில் பண்டரிபுரத்தை விட்டு நகர மறுத்தவர், பின்னர் பாரதத்தின் வடபகுதி முழுவதும் சுற்றினார். பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் உள்ள குமான் என்னும் ஊரில் அவர் பல ஆண்டுகள் தங்கியதாக அங்குள்ள மக்கள் போற்றுகின்றனர். மராத்தியோடு வடநாட்டு மொழியிலும் அவர் பாடினார். 1604-இல் குரு அர்ஜன் தேவர் தொகுத்த ஆதி கிரந்தத்தில் நாமதேவரின் 61 பாடல்கள் இடம்பெற்றன. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பில் அவை இன்றும் பக்தியுடன் ஓதப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டு அகில பாரத மராத்தி இலக்கிய மாநாடு அதே குமானில் நடைபெற்றது. இறைவன் இல்லாத இடம் இல்லை என்று ஔந்தாவில் உணர்ந்தவருக்கு, பீமா நதிக்கரையும் பஞ்சாபும் வேறு வேறாகத் தோன்றவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராமின் கனவில் நாமதேவர் விட்டலனுடன் தோன்றி, தாம் பாடாமல் விட்ட அபங்கங்களைப் பாடி முடிக்குமாறு பணித்தார் என்று வார்கரிகள் நம்புகின்றனர். 18-ஆம் நூற்றாண்டில் மகிபதி மராத்தியில் இயற்றிய பக்த விஜயத்தின் வழியே அவருடைய வரலாறு தென்னகத்திலும் பரவியது. மராட்டியர் ஆட்சிக்காலத்தில் தஞ்சையில் வேரூன்றிய பஜனை மரபில் பண்டரிநாதனின் அபங்கங்கள் இன்றும் பாடப்படுகின்றன.

படியாகக் கிடக்கும் பேறு

1350-ஆம் ஆண்டு, தமது 80-ஆம் வயதில், நாமதேவர் பண்டரிபுரத்தில் சமாதி எய்தினார் என்பது வார்கரி மரபு. குமானில் உள்ளவர்கள் அவர் தங்கள் ஊரிலேயே இறைவனோடு கலந்தார் என்று கொண்டாடுகின்றனர். பண்டரிபுரத்தில் அவர் தமக்கென மண்டபம் வேண்டவில்லை, கோபுரம் வேண்டவில்லை. விட்டலன் கோயிலின் வாயிற்படியாகக் கிடக்கவே விரும்பினார். உள்ளே செல்லும் அடியார்களின் பாததூளி தம்மேல் பட வேண்டும் என்பதே அவருடைய இறுதி ஆசை. மகாத்துவாரத்தின் முதற்படி இன்றும் நாமதேவர் படி என்றே வழங்குகிறது. அதை வணங்கிய பிறகே பக்தர்கள் விட்டலனைத் தரிசிக்க உள்ளே செல்கின்றனர்.

இளமையில் தலையில் ஒரு பலகை பட்டதைப் பொறுக்க முடியாதவர், முடிவில் எல்லோருடைய கால்களும் தம் தலையில் பட வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே உள்ள தூரமே நாமதேவரின் சாதனை. அந்தத் தூரத்தை அவர் கடக்கத் தொடங்கியது, தாம் பச்சைப் பானை என்று கேட்டு அழுத நாளில்தான்.

குழந்தையை மிதித்த கோரா, குழந்தைகளுக்குச் சட்டி மறுத்த விசோபா, அடியைப் பொறுக்காத நாமதேவர் ஆகிய மூவருமே ஒரு காலத்தில் தவறியவர்கள். தவறை மறைத்திருந்தால் மூவருடைய பெயரும் மறைந்திருக்கும். அவர்கள் தங்கள் பேதைமையைத் தாங்களே உலகறியச் செய்தார்கள். எழுநூறு ஆண்டுகளாக அடியார்கள் அந்தக் கதைகளைக் கூறியே தங்களைத் திருத்திக்கொள்கின்றனர்.

பூஜையறையில் அமைதியாக இருக்கும் மனம், வீட்டில் ஒருவர் குறை சொன்னதும் கொதித்தெழுகிறது. சேவை செய்யும் இடத்தில் தம் பெயர் விடுபட்டுப்போனால் வாடுகிறது. இளையவர் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டினால் சுருங்குகிறது. அந்தக் கணத்தில் யாரோ நம்மை அவமதித்துவிட்டதாகவே தோன்றும். கோராவின் பலகை இன்று இத்தகைய வடிவங்களில்தான் வருகிறது. அப்போது தட்டியவரோடு சண்டையிடாமல், உள்ளே எழுந்த ஒலி எத்தகையது என்று கேட்டுப் பார்ப்பவர் பாக்கியசாலி. பானை பச்சையாக இருப்பது குற்றமாகாது. எல்லாப் பானைகளும் முதலில் பச்சை மண்தான். சூளைக்குள் செல்லச் சம்மதிக்கும் பணிவைப் பண்டரிநாதன் நமக்கு அருள்வானாக!